இல்லப் பராமரிப்பில் பராமரிப்புத் திட்டம்: எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது?

கேள்வி
எழுதியவர்: புதிய செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். மருத்துவமனை வார்டில் ஒன்றரை ஆண்டு பணிபுரிந்துவிட்டு, கடந்த இரண்டு மாதங்களாக இல்லப் பராமரிப்புச் செவிலியராக இருக்கிறேன். ஊசி போடுவதோ, புண்ணுக்குக் கட்டுப் போடுவதோ, கதீட்டர் மாற்றுவதோ எனக்கு அச்சம் தருவதில்லை. பராமரிப்புத் திட்டம் எழுத உட்காரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. வார்டில் நான் எதையாவது விட்டுவிட்டாலும் அடுத்த பணிமுறையில் வருபவர் கவனித்துவிடுவார், மருத்துவர் காலையில் சுற்றி வருவார், நோயாளியின் கைக்கெட்டும் தொலைவில் அழைப்பு மணி இருக்கும். இங்கே நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அடுத்த வருகைவரை எனக்குத் தெரியாது.

என் கவலைக்குக் காரணமான ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் 78 வயது அம்மையார். இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் இரத்தத்தைப் போதிய அளவு இறைக்க முடியாத நிலை, முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பத்து நாட்கள் இருந்துவிட்டு வீடு திரும்பியவர். நீரிழிவும் உண்டு. முதுகின் அடிப்பகுதியில் இரண்டாம் நிலைப் படுக்கைப் புண் (தோலின் மேற்பகுதி மட்டும் உரிந்தது) இருக்கிறது. நாள்தோறும் 11 மருந்துகள் எடுத்துக்கொள்கிறார். உடனிருப்பவர் கணவர் மட்டுமே. அவருக்கு வயது 82, கண் பார்வை மங்கியிருக்கிறது. வாரத்திற்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 45 நிமிடங்கள் நான் அங்கே இருக்கிறேன்.

முதல் வருகைக்குப் பிறகு எங்கள் நிறுவனத்தின் மென்பொருளில் அவருடைய விவரங்களைப் பதிந்தேன். அது காட்டிய பட்டியலில் பொருந்துவதாகத் தோன்றிய அனைத்தையும் தேர்ந்தெடுத்தேன். 14 பிரச்சினைகள் சேர்ந்துவிட்டன. மேற்பார்வையாளர் அதைத் திருப்பி அனுப்பி, “இது பாடநூலைப் படிப்பது போல இருக்கிறது, இதில் அந்த அம்மையாரைக் காணவில்லை” என்று எழுதியிருந்தார். அவர் சொல்வது சரியென்றே எனக்கும் படுகிறது. ஆனால் எதை நீக்குவது? நான் நீக்கிய ஒன்றே நாளை அவரை மறுபடியும் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வேன்?

இந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. மூன்றாவது வருகையின்போது, கட்டிலுக்குப் பக்கத்து மேசையின் இழுப்பறையில் ஒரு மாத்திரை அட்டையைக் கண்டேன். மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய ஃப்யூரோசமைடு என்ற நீர் பிரியும் மாத்திரையும் அதுவும் ஒரே மருந்து, வணிகப் பெயர் மட்டும் வேறு. நோய்வாய்ப்படுவதற்கு முன்பே வீட்டில் இருந்த அட்டை அது. அம்மையார் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். அன்றே மருத்துவருக்குத் தெரிவித்தேன், இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது, பெரிய கேடு எதுவும் நேரவில்லை. ஆயினும் முதல் இரண்டு வருகைகளிலும் மருந்துகளைச் சரிபார்த்ததாக நான் பதிந்திருந்தேன் என்பதை நினைக்கும்போது இன்னும் மனம் குன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டபோது அம்மையார், “மாலையில் முன்வாசலில் நாற்காலி போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அது போதும்” என்றார். மென்பொருளின் இலக்குப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. இதைத் திட்டத்தில் எங்கே எழுதுவது, எழுதுவது முறைதானா என்றும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1
எழுதியவர்: மூத்த இல்லப் பராமரிப்புச் செவிலியர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 19 ஆண்டுகளாக இதே பணியில் இருக்கிறேன். முதல் ஆண்டு முழுவதும் நானும் வார்டில் எழுதிப் பழகிய திட்டத்தையே வீடுவீடாக எடுத்துச் சென்றேன்.

முதலில் ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். வாரத்திற்கு 168 மணி நேரம். அதில் நீங்கள் அந்த வீட்டில் இருப்பது ஒன்றரை மணி நேரம். மீதமுள்ள 166.5 மணி நேரமும் உங்கள் திட்டத்தை நடத்தப்போகிறவர்கள் அந்த அம்மையாரும் அவருடைய கணவரும்தான். வார்டில் ஒரு செவிலியர் எழுதியதை மற்றொரு செவிலியர் படித்துச் செய்கிறார். வீட்டில் அப்படி யாரும் இல்லை. ஆகவே ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும், இதை யார் செய்வார், எந்த வேளையில் செய்வார், செய்ய முடியாமல் போனால் யாரை அழைப்பார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் விடை இல்லாத வரியைத் திரும்ப எழுதுங்கள்.

அடுத்து, அந்த 14 பிரச்சினைகள். “நீக்குவது” என்ற சொல்தான் உங்களை அச்சுறுத்துகிறது என்று நினைக்கிறேன். எதையும் நீக்க வேண்டாம், வரிசைப்படுத்துங்கள். அடுத்த இரண்டு வாரங்களில் அவரை மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பக்கூடியவை எவை? உடலில் நீர் கோத்துக்கொள்வது, மருந்துக் குழப்பம், புண் ஆழமாவது. இம்மூன்றும் முன்னே வரட்டும். மற்றவை மதிப்பீட்டுக் குறிப்பில் இருக்கும், ஒவ்வொரு வருகையிலும் நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள், அவற்றில் ஒன்று தலைதூக்கினால் திட்டத்திற்குள் ஏறும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மென்பொருள் தனித்தனியாகக் காட்டுகிறவற்றில் பல ஒரே வேரிலிருந்து வந்தவையாக இருக்கும். அவருக்கு இரவில் உறக்கம் வராததற்குக் காரணம் படுத்தால் மூச்சு முட்டுவதாக இருந்தால், உறக்கமின்மையும் பகல் களைப்பும் இரவுப் பதற்றமும் மூன்று பிரச்சினைகள் ஆகா. அவை நீர் கோத்துக்கொள்வதன் அடையாளங்கள். “நேற்று இரவு எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள்?” என்ற ஒரு கேள்வி அந்த மூன்று தலைப்புகளையும் விட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

செவிலியர் நோயறிதலுக்கான, அதாவது நோயாளியிடம் செவிலியர் காணும் பிரச்சினைகளுக்கான, பெயர்ப் பட்டியல் எதற்காகத் தோன்றியது என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் நடந்த மாநாட்டில் தொடங்கிய வேலை அது. பின்னர் நாண்டா என்ற அமைப்பாக வளர்ந்தது. ஒரு செவிலியர் கண்டதை மற்றொரு செவிலியர் அதே பொருளில் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்தப் பெயர்கள் உருவாக்கப்பட்டன. நோயாளியைப் பார்த்து முடித்த பிறகு, கண்டதற்கு உரிய பெயரைத் தேடுவதுதான் முறை. பெயர்களை முதலில் படித்துவிட்டு அவற்றை நோயாளியிடம் தேடினால் எல்லாமே பொருந்துவதாகத் தோன்றும். உங்களுக்கு நேர்ந்ததும் அதுவே.

இலக்கு எழுதும் விதத்தையும் ஒரு எடுத்துக்காட்டோடு சொல்லிவிடுகிறேன். “நோயைப் பற்றிய நோயாளியின் அறிவு மேம்படும்” என்று எழுதினால், மேம்பட்டதா இல்லையா என்பதை இரண்டு வாரம் கழித்து யாரால் சொல்ல முடியும்? மாறாக, “இரண்டு வாரங்களுக்குள் அம்மையார் நாள்தோறும் காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பின், எதுவும் உண்பதற்கு முன், ஒரே எடைப்பொறியில், ஒரே மாதிரியான உடையில் எடை பார்ப்பார், கணவர் அதைத் தாளில் குறிப்பார், எடை குறித்த எல்லையைத் தாண்டினால் அன்றே செவிலியரை அழைப்பார்” என்று எழுதுங்கள். அந்த எல்லையை அவருடைய மருத்துவரிடமே கேட்டு எண்ணாகவே வாங்குங்கள். ஒரே நாளில் 1 முதல் 1.5 கிலோவோ, ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ கூடினால் அழைக்கச் சொல்வது பரவலான வழக்கம். ஆனால் உங்கள் திட்டத்தில் இருக்க வேண்டியது இந்த அம்மையாருக்கென்று அவர் மருத்துவர் தந்த எண்.

முன்வாசல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை அவர் சொன்ன சொற்களிலேயே திட்டத்தின் முதல் வரியாக எழுதுங்கள். பட்டியலில் இடமில்லையென்றால் விரிவாக எழுதும் பகுதி இருக்குமே, அங்கே எழுதுங்கள். படுக்கையிலிருந்து வாசல்வரை மூச்சிரைக்காமல் நடப்பது, அங்கே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கால் வீங்காமலிருப்பது, புண் வலிக்காமலிருப்பது, எழுந்து திரும்பும்போது தலை சுற்றாமலிருப்பது என, நீங்கள் அளக்க வேண்டிய அனைத்தும் அந்த ஒரு விருப்பத்திற்குள்ளேயே இருக்கின்றன. “உப்பைக் குறையுங்கள்” என்று நூறு முறை சொன்னதைக் கேளாதவர்கள், “கால் வீங்கினால் வாசலுக்கு நடப்பது கடினமாகும்” என்றால் கேட்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

மறுமொழி 2
எழுதியவர்: காயப் பராமரிப்புச் செவிலியர்

மேலே மூத்தவர் கூறியவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். புண்ணைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஏனெனில் இந்த அம்மையாரின் இரண்டு பிரச்சினைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்துக் காட்டும் மென்பொருளில் அந்த மோதல் தென்படாது.

இதயச் செயலிழப்பு உள்ளவர் மூச்சு முட்டாதிருக்கத் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்தே படுப்பார். ஆனால் தலைப்பக்கம் 30 பாகைக்கு மேல் உயர்ந்தால் உடல் கால் பக்கமாகச் சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டி அங்கேயே நிற்க, உள்ளே எலும்பு நகர்ந்து, இடையில் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு நெரிந்துவிடும். முதுகின் அடிப்பகுதியில் புண் வருவதற்கும் வந்த புண் ஆறாமலிருப்பதற்கும் இந்த இழுவிசை பெரிய காரணம். “தலையை உயர்த்திப் படுக்கவும்” என்று இதயத்திற்கான பகுதியிலும், “30 பாகைக்கு மேல் உயர்த்த வேண்டாம்” என்று புண்ணுக்கான பகுதியிலும் எழுதிவிட்டு வந்தால், அந்தப் பெரியவர் எதைச் செய்வார்? மூச்சே முதலில் வரும், அதில் ஐயமில்லை. ஆகவே எந்த உயரத்தில் மூச்சு எளிதாகிறது என்பதை அடுத்த வருகையில் அவரோடு சேர்ந்து பாருங்கள். அந்த உயரத்தைத் தலையணைகளின் எண்ணிக்கையாகவே எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்று குறியுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்துவதற்கு முன் முழங்காலுக்கடியில் தலையணை வைத்தால் சறுக்குவது குறையும். முதுகுக்குப் பின்னால் ஒரு பக்கமாகத் தலையணை செருகி உடலைச் சற்றே சாய்த்தால் புண்ணின் மேல் எடை விழாது. குதிகால்கள் மெத்தையைத் தொடாதபடி கெண்டைக்காலுக்கடியில் ஒரு தலையணை வையுங்கள். 82 வயதுக் கணவர் அவரைத் தூக்கக் கூடாது. சறுக்கு விரிப்பு ஒன்றை ஏற்பாடு செய்து, இழுத்து நகர்த்தும் முறையைக் காட்டிக்கொடுங்கள். இல்லாவிட்டால் நோயாளியின் தோலும் கணவரின் முதுகும் சேர்ந்தே கெடும்.

இன்னொரு ஐயம். அவர் இரட்டிப்பு அளவில் ஃப்யூரோசமைடு எடுத்துக்கொண்டிருந்தார் என்கிறீர்கள். அடிக்கடி சிறுநீர் பிரிந்து, வேளையில் எழ முடியாமல் துணி நனைந்திருந்தால், நீங்கள் இரண்டாம் நிலைப் புண் என்று பதிந்தது ஈரத்தால் வந்த தோல் அழற்சியாகவும் இருக்கலாம். எலும்பு மேட்டின் மேல், ஓரம் தெளிவாக இருந்தால் அழுத்தத்தால் வந்திருக்க வாய்ப்பு அதிகம். மடிப்புகளுக்குள்ளும் பரவி, ஓரம் மங்கலாகச் சிதறியிருந்தால் ஈரத்தை ஐயுறுங்கள். சில நேரங்களில் இரண்டும் சேர்ந்திருக்கும். காரணம் மாறினால் திட்டமும் மாறுகிறது என்பதால் இதை மறுபடியும் பார்ப்பது அவசியம்.

அளவிடும்போது எப்போதும் ஒரே கிடையில் படுக்க வைத்து, தலையிலிருந்து கால் நோக்கிய திசையில் நீளத்தையும், அதற்குக் குறுக்கே அகலத்தையும், ஆழம் இருந்தால் ஆழத்தையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். “சற்று மேம்பட்டுள்ளது” என்ற சொற்றொடர் அடுத்து வரும் செவிலியருக்கு எதையும் சொல்லாது. ஒருவேளை புண் மூன்றாம் நிலைக்குச் சென்று பின்னர் ஆறத் தொடங்கினால், அதை இரண்டாம் நிலை என்று இறக்கி எழுதக் கூடாது, ஆறிக்கொண்டிருக்கும் மூன்றாம் நிலைப் புண் என்றே எழுத வேண்டும். அடியில் இழந்த தசையும் கொழுப்பும் அதே திசுவாகத் திரும்பி வளர்வதில்லை, வடுத்திசுவே அந்த இடத்தை நிரப்புகிறது. படுக்கைப் புண் வரும் ஆபத்தை மதிப்பிட 1987இல் வெளிவந்த பிரேடன் அளவுகோலை நீங்கள் பயன்படுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். அதில் மொத்த மதிப்பெண் 6 முதல் 23 வரை, 18 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து உண்டு. ஆனால் மொத்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். ஆறு கூறுகளில் எதில் மதிப்பெண் குறைந்திருக்கிறதோ, ஈரமோ உணவோ இழுவிசையோ, அதற்கே திட்டம் எழுத வேண்டும்.

முன்வாசலில் உட்காருவதை நான் தடுக்கமாட்டேன். உட்காரும்போது சிறிய பரப்பில் அதிக அழுத்தம் விழுகிறது என்பது உண்மை. ஆகவே குறுகிய நேரத்தில் தொடங்குங்கள். நாற்காலியில் பஞ்சு மெத்தை இருக்கட்டும். நடுவில் துளையுள்ள வளைய மெத்தை வேண்டாம், அது துளையின் விளிம்பில் அழுத்தத்தைக் குவித்துவிடும். திரும்பி வந்து படுத்ததும் தோலைப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் அடுத்த நாள் நேரத்தைக் குறையுங்கள். கருமையான தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம் என்பதால், சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே சூடாகவோ, கெட்டியாகவோ, வலியாகவோ இருக்கிறதா என்று தொட்டும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவையுங்கள். அன்பினால் பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

மறுமொழி 3
எழுதியவர்: பராமரித்த மகள்

நான் செவிலியர் அல்லேன். என் தந்தையை மூன்று ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள். நீங்கள் எழுதும் திட்டம் மறுபுறத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதலில் வந்த செவிலியர் மிகவும் நல்லவர். ஒரு கோப்பைக் கொடுத்தார், அதில் பன்னிரண்டு பக்கங்கள் இருந்தன. ஒவ்வொரு முறையும் விளக்கிவிட்டு “புரிந்ததா?” என்று கேட்பார், நானும் “புரிந்தது” என்பேன். புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கும். அவருக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்பதும் அவருடைய முகத்தில் தெரியும். அந்தக் கோப்பை நான் திறந்து பார்த்தது ஒரே ஒரு முறைதான். இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மூச்சிரைத்தபோது, எந்தப் பக்கத்தில் பார்ப்பது என்று தெரியாமல் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்த செவிலியர் வேறு விதமாகக் கேட்டார். “நான் சரியாக விளக்கினேனா என்று எனக்குத் தெரிய வேண்டும். இரவில் அப்பாவுக்கு மூச்சிரைத்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள், எனக்குச் செய்து காட்டுங்கள்” என்றார். நான் செய்து காட்டத் தொடங்கியபோதுதான், ஆக்சிஜன் கருவியின் அளவு எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை என்பது எங்கள் இருவருக்கும் புலப்பட்டது. அன்று அவர் ஒரே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினார். எப்போது காத்திருக்கலாம், எப்போது அவரை அழைக்க வேண்டும், எப்போது யாரையும் கேட்காமல் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும் என்ற மூன்று பகுதிகள் மட்டுமே அதில் இருந்தன. அந்தத் தாள் அலமாரிக் கதவில் கடைசி நாள்வரை ஒட்டியிருந்தது.

நீங்கள் கணவரைப் பற்றி எழுதியதில், அவருக்கு வயது 82 என்பதும் பார்வை மங்கல் என்பதும் மட்டுமே இருக்கிறது. அவர் எப்போது உறங்குகிறார், தம்முடைய மருந்துகளை வேளைக்கு எடுத்துக்கொள்கிறாரா, ஒரு நாள் அவருக்கு உடல்நலம் குன்றினால் அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். தயவுசெய்து நோயாளி இல்லாத இடத்தில் கேளுங்கள். என்னிடம் அப்படி ஒருவர் கேட்டது இரண்டாம் ஆண்டில்தான். அதுவரை “எப்படி இருக்கிறீர்கள்?” என்ற கேள்வி அப்பாவுக்கு மட்டுமே உரியது என்று நான் நினைத்திருந்தேன்.

மறுமொழி 4
எழுதியவர்: இல்லப் பராமரிப்பு மேற்பார்வையாளர்

முதலில் அந்த மாத்திரை அட்டை பற்றி. அதைக் கண்டுபிடித்தவர் நீங்கள், அன்றே தெரிவித்தவரும் நீங்கள். முந்தைய பதிவுகளில் சரிபார்த்ததாக எழுதியதைத் திருத்திவிடாதீர்கள். மூன்றாவது வருகையில் கண்டதையும், யாருக்கு எப்போது தெரிவித்தீர்கள், என்ன உத்தரவு வந்தது என்பதையும் அன்றைய பதிவில் உள்ளபடியே எழுதுங்கள். நிறுவனத்தின் சம்பவ அறிக்கையையும் நிரப்புங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு மாறும் நாட்களில் இத்தகைய இரட்டிப்பு அடிக்கடி நேர்கிறது. இனிமேல் “மருந்துகளைக் காட்டுங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அவர்கள் மருந்து என்று கருதும் பெட்டியை மட்டுமே காட்டுவார்கள். “நேற்றுக் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை என்னென்ன விழுங்கினீர்கள், ஒவ்வொன்றையும் எங்கிருந்து எடுத்தீர்கள்?” என்று கேட்டு, அவர்கள் கை நீளும் இடங்களுக்கெல்லாம் கூடவே செல்லுங்கள். ஒவ்வொரு அட்டையையும் வணிகப் பெயரால் அன்றி, மருந்தின் மூலப்பெயரால் பட்டியலிடுங்கள், இரட்டிப்பு உடனே கண்ணில் படும். மூட்டு வலிக்காகத் தாமாக வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைக் குறிப்பாகக் கேளுங்கள். அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இதயச் செயலிழப்பை மோசமாக்கும்.

மூத்தவர் கூறியதில் ஒன்றை மட்டும் விரிவாக்க வேண்டும். எடை கூடும்போது அழைக்க வேண்டிய எல்லையை அவர் சொன்னார். இந்த அம்மையாருக்கு எடை குறைவதற்கும் ஒரு எல்லை வேண்டும். நீர் பிரியும் மாத்திரை அளவுக்கு மீறினால் உடல் வறண்டு, பொட்டாசியம் குறைந்து, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து, கீழே விழும் நிலை வரும். ஆகவே ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடியும் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவருக்குத் தெரிவியுங்கள். வாசலுக்கு நடக்கும் திட்டம் அதற்குப் பிறகுதான். விழும் ஆபத்தை நான் நான்காவது பிரச்சினையாகச் சேர்ப்பேன், மூன்றோடு நிறுத்தமாட்டேன்.

அவருடைய மருந்துகளில் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடக்கூடியவை, அதாவது இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, கூடவே இதயத்திற்காகப் பீட்டா பிளாக்கர் என்ற, துடிப்பைத் தணிக்கும் மருந்தும் இருந்தால், சர்க்கரை தாழும்போது வர வேண்டிய படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்ப்பது மட்டும் தெரியும். “திடீரென்று வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பார்க்கவும், டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், விழுங்கும் நிலையில் இருக்கும்போது 15 கிராம் சர்க்கரை கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்கவும்” என்பது மேலே அந்த மகள் குறிப்பிட்ட தாளில் இருக்க வேண்டிய வரி. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும் என்பதும் அதன் அருகிலேயே இருக்க வேண்டும்.

மருத்துவரை அழைக்கும்போது நான்கு பகுதிகளாகப் பிரித்துச் சொல்லிப் பழகுங்கள்: இப்போதைய நிலைமை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, நீங்கள் கேட்பது. புதியவர்கள் நான்காவதை விட்டுவிடுகிறார்கள். “எடை இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடியிருக்கிறது” என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடாமல், “இன்றே மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா, அல்லது இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவு தருகிறீர்களா?” என்று கேளுங்கள். மருந்து, கட்டுப்போடும் முறை, வருகைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மாற்ற உத்தரவு தேவைப்படும். கற்பிப்பதையும், தலையணை வைக்கும் விதத்தையும், கவனிக்க வேண்டியவற்றின் வரிசையையும் பொதுவாகச் செவிலியர் தம் பொறுப்பிலேயே மாற்றலாம். இந்தக் கோடு உங்கள் பணியிடத்தில் எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திட்டம் முதல் நாளிலேயே முழுமையாக இருக்க வேண்டும் என்று எந்த மேற்பார்வையாளரும் எதிர்பார்ப்பதில்லை. நான் திருப்பி அனுப்பும் திட்டங்களில் பெரும்பாலானவை ஆறு வாரமாக ஒரு சொல்லும் மாறாதவை. மூன்றாவது வருகையில் ஒரு மாத்திரை அட்டையைக் கண்ட பிறகும் உங்கள் திட்டம் முதல் நாள் இருந்தபடியே இருந்தால், அதைத்தான் நான் கேட்பேன்.

கேள்வி எழுப்பியவரின் மறுமொழி
எழுதியவர்: புதிய செவிலியர்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இன்று நான்காவது வருகை முடிந்தது. படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் பார்த்தேன். நின்ற மூன்றாவது நிமிடத்தில் மேல் எண் 24 இறங்கியது. நான்கு பகுதிகளாகப் பிரித்துச் சொல்லி மருத்துவரிடம் தெரிவித்தேன், எடைக்கான மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் எண்ணாகக் கேட்டு வாங்கினேன். புண்ணைப் பகல் வெளிச்சத்தில் மறுபடியும் பார்த்தபோது, எலும்பு மேட்டின் மேல் தெளிவான ஓரத்தோடு ஒரு பகுதியும், மடிப்பை ஒட்டி ஓரமில்லாமல் சிவந்த ஒரு பகுதியும் இருந்தன. காயப் பராமரிப்புச் செவிலியர் ஐயுற்றது சரிதான், இரண்டும் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக அளந்து எழுதியிருக்கிறேன்.

கணவரிடம் சமையலறையில் தனியாகப் பேசினேன். இரவில் மனைவி எழுந்தால் கேட்க வேண்டும் என்பதற்காக நாற்காலியிலேயே உறங்குவதாகச் சொன்னார். எத்தனை நாட்களாக என்று கேட்டேன். மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாள் முதல் என்றார். அதையும் திட்டத்தில் எழுதியிருக்கிறேன், கைப்பிடியுள்ள கழிப்பு நாற்காலியைக் கட்டிலருகே வைக்கவும், அழைப்பு மணி ஒன்றுக்கும் கேட்டிருக்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. எடைப்பொறியின் எண்களை அவரால் படிக்க முடியவில்லை. அம்மையார் குனிந்து பார்த்தால் தடுமாறுகிறார். இதற்கு யாரேனும் வழி கண்டிருக்கிறீர்களா?

மறுமொழி 5
எழுதியவர்: மூத்த இல்லப் பராமரிப்புச் செவிலியர்

எடையைக் குரலில் சொல்லும் எடைப்பொறிகள் கிடைக்கின்றன, இருவருக்கும் அதுவே பொருத்தம். அது வரும்வரை, பொறியைச் சுவரோரத்தில், விரிப்பு இல்லாத கெட்டித் தரையில் வையுங்கள். பிடித்துக்கொள்ள உறுதியான ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் எண் நிலைக்கும் நேரத்தில் கையை எடுத்துவிட வேண்டும், பிடித்திருந்தால் எடை குறைத்துக் காட்டும். கைப்பேசியில் படம் எடுக்க அவருக்குத் தெரியுமானால், பொறியின் எண்ணைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துத் தாளில் தடித்த கறுப்பு எழுத்தில் குறிக்கலாம். நீங்கள் செல்லும் நாளில் அவர் குறித்ததையும் பொறி காட்டுவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டிலருகே கழிப்பு நாற்காலி வந்துவிட்டால், காலையில் அதிலிருந்து எழுந்த உடனே எடை பார்ப்பது என்று வரிசையை மாற்றி எழுதுங்கள், ஒரு நடை மிச்சமாகும். நின்றால் 24 இறங்குகிற நிலையில், எடைப்பொறியில் ஏறுவதற்கு முன் இரண்டு நிமிடம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும் என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.